சுவரும் சந்தையும்: திரைப்படச் சுவரொட்டியின் வளர்ச்சியும் வீழ்ச்சியும் பற்றிய ஒரு நோக்கு

1

பழைய திரைப்படச் சுவரொட்டிகள்மீது ஏற்பட்டுள்ள ஈர்ப்பு அண்மைக் காலத்தில் ஒரு பண்பாட்டு நிகழ்வாகவே வளர்ந்துள்ளது. ஒருகாலத்தில் பசை பூசிச் சுவரில் ஒட்டப்பட்டு, அடுத்த வாரம் இன்னொன்றினால் மூடப்பட்டுப் போன தாள்கள் இன்று நூதனசாலைகளிலும் ஏல மண்டபங்களிலும் இடம்பெறுகின்றன. பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' (1927) என்னும் படத்துக்கு ஹைன்ஸ் ஷூல்ஸ்-நொய்டாம் வரைந்த சுவரொட்டியின் பிரதியொன்று 2005இல் 690,000 அமெரிக்க டொலருக்கு விற்பனையாயிற்று. நிலத்தடியில் வதியும் தொழிலாளரின் உழைப்பினால் மேலேயுள்ள நகரம் ஒளிர்வதைக் காட்டிய படம் அது. அதனை அறிவித்த தாள் செல்வரின் சேகரிப்புப் பொருளாகிவிட்டமை பண்டமயமாக்கத்தின் வலிமைக்குத் தக்க சான்றாகும்.

இவ்வீர்ப்பின் மறுபக்கமாக ஒரு முறைப்பாடும் எழுகின்றது. இன்றைய சுவரொட்டிகள் யாவும் ஒன்றுபோலவே உள்ளன. நட்சத்திரங்களின் தலைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. செம்மஞ்சளும் நீலமுமே எங்கும் தென்படுகின்றன. படத்தின் பொருள் எதுவும் அவற்றிற் புலப்படவில்லை என்பர். முறைப்பாடு பெரும்பாலும் நியாயமானதே. ஆயின் அதற்குக் கூறப்படும் காரணங்களே எமது கவனத்துக்குரியவை.

வழமையாக இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. கணினி வந்து ஓவியனின் கையை இடம்பெயர்த்துவிட்டது என்பது ஒன்று. மக்களின் இரசனை தாழ்ந்துவிட்டது என்பது மற்றையது. முதலாவது, கருவியையே வரலாற்றின் கருத்தாவாக்குகின்றது. இரண்டாவது, சந்தையின் குற்றத்தை நுகர்வோன்மீது சுமத்துகின்றது. இரண்டுமே ஓர் அடிப்படை வினாவைத் தவிர்த்துவிடுகின்றன: சுவரொட்டியை வரையுமாறு கேட்டவர் யார்? எதற்காகக் கேட்டார்? வரைந்தவனுக்கு அவர் விட்டுவைத்த சுதந்திரம் எவ்வளவு? இவ்வினாவினூடாக நோக்கும்போதே சுவரொட்டியின் வளர்ச்சியும் வீழ்ச்சியும் விளக்கம்பெறும் என்பது எமது கருத்து.

2

சுவரொட்டி இரட்டைத் தன்மை வாய்ந்தது. ஒருபுறம் அது விற்கப்படவேண்டிய ஒரு பண்டத்தின் அறிவிப்பு. மறுபுறம் அது பொதுவெளியில் எவரும் காணக்கூடிய ஒரு படிமம். வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட, இயந்திர மறுஉற்பத்தி பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில், பிரதியெடுக்கப்படுவதற்கென்றே தோன்றும் கலை தன் சடங்கியல் ஒளிவட்டத்தை இழந்து பரந்த மக்களை நோக்கி வருவதை எடுத்துக்காட்டினார். சுவரொட்டிக்கு இது முற்றிலும் பொருந்தும். கல்லச்சில் ஆயிரக்கணக்கில் எடுக்கப்படும் தாளுக்கு மூலப்பிரதி என ஒன்று இல்லை. ஏல மண்டபம் செய்வது, இல்லாத அந்த ஒளிவட்டத்தை அருமைப்பாட்டின் பெயரால் மீண்டும் பூசுவதேயாகும்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது ஆற்றுகைக் களம் படமாளிகையே என்பதையும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, வாங்கும் சக்தியே என்பதையும் சுட்டிக்காட்டினார். இக்கருத்தினைச் சுவரொட்டிக்கு நீட்டிப் பார்ப்பது பயனுடையது. படமாளிகையின் வாசலில் அனுமதிச்சீட்டு கேட்கப்படுகின்றது; சுவரின் முன்னே எதுவும் கேட்கப்படுவதில்லை. வாங்கும் சக்தி சிறிதுமற்றவனும் சுவரொட்டியைக் காண்கின்றான். எழுத்தறியாதவனும் அதனை வாசிக்கின்றான். திரைப்படம் என்னும் பண்டத்தில் விலையின்றி அனைவருக்கும் கிட்டிய பகுதி சுவரொட்டியே எனலாம். அதன் தரம் பற்றிய வினா வெறும் அழகியல் வினாவாக அமையாமைக்குக் காரணம் இதுவே.

3

மேற்கூறிய இரட்டைத் தன்மையில் அறிவிப்பு என்னும் அம்சம் தளர்ந்து படிமம் என்னும் அம்சம் மேலோங்கிய சூழல்கள் வரலாற்றில் சில உள்ளன. 1920களின் சோவியத் நாடு அவற்றுள் ஒன்று. விளாடிமிர், கியோர்கி ஸ்டென்பர்க் சகோதரர்கள் வேர்ட்டோவின் 'சினிமாக் கருவியுடன் ஒரு மனிதன்' படத்துக்கு 1929இல் ஆக்கிய சுவரொட்டியில், வானளாவிய கட்டடங்களின் நடுவே ஒரு பெண்ணின் உடல் பின்னோக்கிச் சரிகின்றது. எழுத்துகள் சுழன்று வருகின்றன. கதையை அது கூறவில்லை. படத்தொகுப்பின் இயக்கத்தையே தாளில் நிகழ்த்துகின்றது. இச்சகோதரர்கள் படச்சட்டங்களைப் பெருப்பித்துக் காட்டும் ஒளியெறி கருவியொன்றைத் தாமே அமைத்து, அதன் துணையுடன் வரைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. கருவி கையைக் கொல்லும் என்னும் வாதம் இங்கேயே தகர்ந்துவிடுகின்றது. 1932இல் கலை அமைப்புகள் கட்சியாணையின்கீழ் ஒழுங்கமைக்கப்பட்டபின் இவ்வகைப் பரிசோதனைகளுக்கு இடம் அருகியது. அங்கே சுவரொட்டியைக் குறுக்கியது சந்தையன்று, அதிகாரபீடம் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

எனினும் இவ்விடயத்தை மிகத் தெளிவாக ஆராய இடந்தருவது போருக்குப் பிந்திய போலந்தாகும். போரில் வோர்சோ நகரம் ஏறத்தாழ முற்றாகவே அழிக்கப்பட்டது. இடிபாடுகளிடையே மீண்டெழுந்த நகரில் திரைப்படத்துறை அரசுடைமையாயிற்று. 'ஃபில்ம் போல்ஸ்கி' என்னும் அரச நிறுவனம் ஹென்ரிக் தொமாசெவ்ஸ்கி, ததேயுஷ் த்ரெப்கொவ்ஸ்கி, எரிக் லிப்பின்ஸ்கி முதலானோரைச் சுவரொட்டி வரைய அழைத்தது. அக்காலத்தில் திரைப்பட விளம்பரம் ஓவியருக்குத் தகுதியற்ற தொழிலாகவே கருதப்பட்டது. நட்சத்திரப் புகைப்படங்களையும் பழைய விளம்பர வாய்பாடுகளையும் கைவிட்டுத் தம் முறையில் வரைய அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்கள் இப்பணியை ஏற்றனர். 1948இல் வியன்னாவில் நடைபெற்ற சர்வதேசச் சுவரொட்டிக் கண்காட்சியில் தொமாசெவ்ஸ்கி ஐந்து முதற்பரிசில்களைப் பெற்றார். 1960இல் யான் லெனித்சா எழுதிய கட்டுரையோடு 'போலந்துச் சுவரொட்டிப் பள்ளி' என்னும் பெயர் உலகெங்கும் நிலைபெற்றது. 1966இல் வோர்சோவில் சர்வதேசச் சுவரொட்டி ஈராண்டு விழா தொடங்கிற்று. 1968இல் விலானூவில் உலகின் முதலாவது சுவரொட்டி நூதனசாலை திறக்கப்பட்டது.

இப்பள்ளியின் சாதனையை உணர மூன்று எடுத்துக்காட்டுகள் போதுமானவை. அவுஷ்விட்ஸ் முகாமிற் கைதியாக இருந்த வாண்டா யாகுபொவ்ஸ்கா அம்முகாமிலேயே படமாக்கிய 'இறுதிக் கட்டம்' (1948) படத்துக்குத் த்ரெப்கொவ்ஸ்கி வரைந்த சுவரொட்டியில் முகங்கள் இல்லை, முட்கம்பி இல்லை, பிணங்கள் இல்லை. கைதியுடையின் கோடுகளும் அவற்றின்மீது தண்டு ஒடிந்த ஒரு கார்னேஷன் மலருமே உள்ளன. சொல்லாமல் விடப்பட்டவை அனைத்தும் காண்போனின் நினைவிலிருந்து எழுகின்றன. போலந்தில் அந்நினைவு இல்லாத வீடு அக்காலத்தில் அரிது.

இரண்டாவது, ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' படத்துக்கு ரொமான் செஷ்லெவிச் 1963இல் ஆக்கியது. இரு பெரும் ஹொலிவூட் நட்சத்திரங்கள் நடித்த படம் அது. அவர்களின் முகம் அதில் இல்லை. ஒரு மண்டையோடும் அதில் பதிந்த ஒருமைய வட்டங்களுமே காணப்படுகின்றன. இறந்துபோனவளை உயிருள்ள இன்னொருத்தியில் மீட்க முயலும் ஒருவனின் கதைக்கு இதைவிடச் செறிவான விமர்சனக் குறிப்பு எழுதுவது கடினம்.

மூன்றாவது, 'கபரே' படத்துக்கு விக்தோர் குர்கா 1973இல் வரைந்தது. காலுறையணிந்த நடனக் கால்கள் நான்கு ஸ்வஸ்திகமாக மடங்கி நிற்கின்றன. நடுவே கேளிக்கை விடுதி அறிவிப்பாளனின் சாயம் பூசிய முகம். கேளிக்கையும் பாசிசமும் ஒரே உடலில் வளர்ந்தன என்னும் வாதம் ஒரே பார்வையில் நிறுவப்படுகின்றது.

இம்மூன்றிலும் பொதுவாகக் காணப்படுவது யாது? சுவரொட்டி இங்கே படத்தை விற்கவில்லை, படத்தை வாசிக்கின்றது. காண்போனை நோக்கி 'வா, வாங்கு' என்று கூறாது, 'இது எதைப் பற்றியது என எண்ணிப்பார்' என்கின்றது. ஓவியன் இங்கே விமர்சகனின் இடத்தைப் பெறுகின்றான். வீதியில் செல்பவனையும் அவன் அவ்விடத்துக்கே உயர்த்துகின்றான்.

4

இம்மலர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு இருவகை விளக்கங்கள் வழங்கிவருகின்றன. மேற்குலக விமர்சகர் பலர் இதனை ஒடுக்குமுறைக்கு எதிரான மறைமுக எதிர்ப்பாகக் காட்டுவர். அரசின் பரிவுக்கும் சோசலிசப் பண்பாட்டின் உயர்வுக்கும் சான்றாகக் காட்டுவோரும் உளர். இரண்டும் பகுதி உண்மைகளே. சுவரொட்டிகளுட் பெரும்பாலானவை எவ்வித இரகசிய எதிர்ப்பையும் உட்கொண்டிருக்கவில்லை. மறுபுறம், ஒவ்வொரு சுவரொட்டியும் தணிக்கையாளரின் அனுமதியுடனேயே அச்சேறியது; 1949 முதல் 1956 வரையிலான காலத்தில் சோசலிச யதார்த்தவாதம் ஒரே வழியாக விதிக்கப்பட்டிருந்தது. செஷ்லெவிச், லெனித்சா ஆகிய இருவரும் 1963இலேயே பிரான்சுக்குச் சென்றுவிட்டனர் என்பதையும் மறத்தலாகாது.

உண்மையான காரணம் பொருளியல் அடித்தளத்திலேயே உள்ளது. விநியோகம் முழுவதும் அரசின் ஏகபோகமாக இருந்தது. ஒரு படம் மற்றொன்றோடு வசூலுக்காகப் போட்டியிடவேண்டிய அவசியம் பெரிதும் இருக்கவில்லை. வெளிநாட்டுப் படங்கள் அருமையாகவே வந்தமையால் பார்வையாளர் எவ்வாறாயினும் வருவர். நட்சத்திரத்தின் முகம் எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் எனக் கூறும் ஒப்பந்தம் வோர்சோவிலிருந்த ஓவியனைக் கட்டுப்படுத்தவில்லை. சுருங்கக்கூறின், சுவரொட்டி விற்கவேண்டிய கடமையிலிருந்து விடுபட்டிருந்தது. போலந்து ஓவியன் பெற்றிருந்தது அரசிடமிருந்து பெற்ற சுதந்திரமன்று. சந்தையிடமிருந்து பெற்ற சுதந்திரம். இவ்விரண்டையும் வேறுபடுத்தாத ஆய்வு எத்தரப்பினதாயினும் வழிதவறிவிடும்.

இச்சுதந்திரத்தின் எல்லையையும் நாம் நேர்மையாக நோக்குதல் வேண்டும். சுவர் ஓவியனுக்குத் திறந்திருந்த அதே நாட்டில் தொழிலாளரின் குரலுக்கு அது திறந்திருக்கவில்லை. 1970 டிசெம்பரில் பால்டிக் கரையோர நகரங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் சுடப்பட்டனர். 1981 டிசெம்பரில் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. தொழிலாளரின் பெயரால் ஆளப்பட்ட நாட்டில் படிமத்துக்குக் கிடைத்த சலுகை தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. இம்முரண்பாடு தீர்க்கப்படாமல் நீண்டமையே அடுத்து நிகழ்ந்ததற்கு வழிவகுத்தது.

1989 ஜூன் 4ஆந் திகதி நடைபெற்ற தேர்தலுக்கெனச் 'சொலிடாரிட்டி' இயக்கத்தின் சார்பில் தொமாஷ் சார்னெத்ஸ்கி ஆக்கிய சுவரொட்டி வரலாற்றுப் புகழ் பெற்றது. 'ஹை நூன்' என்னும் அமெரிக்கப் படத்தில் சட்டக்காவலனாக நடித்த கேரி கூப்பர் நேராக எம்மை நோக்கி நடந்து வருகின்றார், கையில் வாக்குச்சீட்டு, நெஞ்சில் இயக்கத்தின் சின்னம். இவ்வுருவம் மரியான் ஸ்தஹூர்ஸ்கி 1959இல் அதே படத்துக்கு ஆக்கிய போலந்துச் சுவரொட்டியை அடியொற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சுவரில் விதைக்கப்பட்ட படிமம் மக்களின் நினைவிலிருந்து எழுந்து அரசியற் செயலாக மாறியது. சுவரொட்டிப் பள்ளி பெற்ற மிகப்பெரும் வெற்றி இதுவென்றே கூறலாம். அதன் முடிவும் இங்கேதான் தொடங்குகின்றது. அத்தேர்தல் திறந்துவிட்ட பாதையிலேயே சந்தையும் வந்து சேர்ந்தது. அரச விநியோக ஏகபோகம் கலைந்தது. அமெரிக்கப் படங்களோடு அவற்றின் ஆயத்தச் சுவரொட்டிகளும் வந்திறங்கின. ஓவியரின் கைத்திறன் ஓரிரவில் மறைந்துவிடவில்லை. அவர்களை வரையுமாறு கேட்பவரே இல்லாதுபோயினர். இன்றும் போலந்தில் பழைய படங்களுக்குப் புதிய சுவரொட்டிகள் வரையப்படுகின்றன. ஆயின் அவை படமாளிகைச் சுவருக்காக அன்றிச் சேகரிப்போரின் வரவேற்பறைக்காகவே பெரிதும் அச்சாகின்றன.

5

போலந்துக்கு வந்திறங்கிய அந்த ஆயத்தச் சுவரொட்டியின் பிறப்பிடத்தையும் சுருக்கமாக நோக்கலாம். சந்தையின் நடுவிலும் உயர்ந்த ஆக்கங்கள் தோன்றியுள்ளன. சோல் பாஸ் 1955இல் 'பொற்கரம் கொண்ட மனிதன்' படத்துக்கு அமைத்த முறுக்குண்ட கையின் உருவம் போதைப்பொருளடிமையின் வேதனையை ஒரே வடிவத்தில் அடக்கியது. எனினும் அதே சுவரொட்டியில் நட்சத்திரங்களின் புகைப்படங்களும் கட்டங்களுக்குள் இடம்பெற்றுள்ளன. ஓவியன் கூறவிரும்பியதும் முதலீட்டாளன் காட்டவிரும்பியதும் ஒரே தாளில் பேரம்பேசுவதை அங்கே நாம் கண்கூடாகக் காணலாம்.

அப்பேரம் ஓவியனுக்குப் பாதகமாகச் சாய்ந்தமைக்குப் படிப்படியான காரணங்கள் உள்ளன. 1975இல் வெளிவந்த 'ஜோஸ்' நூற்றுக்கணக்கான படமாளிகைகளில் ஒரேநாளில், பெருந்தொகைத் தொலைக்காட்சி விளம்பரத்துடன் திரையிடப்பட்டது. அதற்கு ரொஜர் காஸ்டல் வரைந்த சுறாவின் உருவம் கையால் தீட்டப்பட்டதே, சிறந்ததே. ஆனால் அவ்வெளியீட்டு முறை வழக்கமானபின் முதல் வார வசூலே படத்தின் விதியைத் தீர்மானித்தது. முதலீடு பெருக, ஆபத்தை அஞ்சும் மனப்பான்மையும் பெருகிற்று. முன்னர் வெற்றியளித்த வாய்பாடே பாதுகாப்பானது எனக் கருதப்பட்டது. நட்சத்திரங்களின் பெயரும் உருவமும் பெறவேண்டிய அளவு ஒப்பந்தங்களில் வரையறுக்கப்பட்டது. இன்று நாம் காணும் தலைகளின் அடுக்கு ஓர் அழகியல் தெரிவன்று. அது ஒப்பந்தங்களின் வரைபடம். 1990இல் விற்பனைக்கு வந்த 'போட்டோஷொப்' அவ்வடுக்கை விரைவாகவும் மலிவாகவும் அமைக்க உதவியது. அதனைக் கோரியது மென்பொருளன்று.

இறுதியாகச் சுவரே கரையத் தொடங்கியுள்ளது. இல்லத்திரைக்குப் படம் அனுப்பும் 'நெட்பிளிக்ஸ்' நிறுவனம், ஒரே படத்துக்கு வெவ்வேறு பார்வையாளருக்கு வெவ்வேறு முகப்புப் படத்தைக் காட்டும் முறையை 2017இல் தானே விளக்கி வெளியிட்டது. காதற்படங்களை விரும்புவோனுக்கு ஒரு முகம். நகைச்சுவையை விரும்புவோனுக்கு இன்னொரு முகம். நகரம் முழுவதும் ஒரே படிமத்தைக் கண்டு அதுபற்றி விவாதித்த நிலை மாறி, ஒவ்வொருவனும் தன் முந்திய நுகர்வின் நிழலையே காணும் நிலை உருவாகியுள்ளது. 'ஹை நூன்' சுவரொட்டியை 1989இல் பொருளுடையதாக்கியது அனைவரும் பகிர்ந்த நினைவு. தனித்தனியே பகிர்ந்தளிக்கப்படும் படிமத்திலிருந்து அத்தகைய நினைவு உருவாதல் அரிது.

6

இதுவரை கூறியதை வைத்து, சந்தை நிலவும் இடமெங்கும் கைவண்ணம் அழியும் என வாய்பாடாக முடிவுசெய்வதும் தவறாகும். தமிழ்த் திரைப்படத்தின் தலைநகரான சென்னை அதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றுகின்றது. கடும் வணிகப் போட்டி நிலவிய அந்நகரின் அண்ணா சாலையில், கையால் வரையப்பட்ட மாபெரும் பதாகைகளும் கட்அவுட்டுகளும் பல பத்தாண்டுகள் கோலோச்சின. சிறிய புகைப்படமொன்றைக் கட்டங்களாகப் பிரித்து, அக்கட்டங்களைப் பெருப்பித்துத் துணியில் முகத்தை வரைவது அங்குள்ள முறை. நட்சத்திரமே அங்கு மையம். போலந்துச் சுவரொட்டியின் விமர்சன நோக்கு அங்கில்லை. ஆயினும் பச்சையும் ஊதாவும் முகத்திற் படியும் அத்துணிச்சலான வண்ணப்பூச்சு, தொலைவிலிருந்து நோக்கும் மக்கட் கூட்டத்துக்கென உருவான ஓர் அழகியலாகும். அதே உருவங்கள் கட்சிக் கொடியின்கீழும் நின்றன. திரையும் அரசியலும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்த வரலாற்றில் இப்பதாகைக்கும் பங்குண்டு.

அங்கே கை நிலைத்தமைக்குக் காரணம் கலைப்பற்றன்று. உழைப்பு மலிவாக இருந்தமையே. 2000களில் கணினிவழி அச்சாகும் 'பிளெக்ஸ்' பதாகை அதனினும் மலிவானபோது, சில ஆண்டுகளுக்குள்ளேயே அத்தொழில் சரிந்தது. பட்டறைத் தலைவரின் கையொப்பம் பதாகையின் மூலையில் இருந்தது. சாரத்தில் ஏறி வண்ணம் தீட்டிய உதவியாளரின் பெயர் எங்கும் இருக்கவில்லை. போலந்து ஓவியருக்குக் கலைக்கழகப் பதவியும் நூதனசாலையும் இருந்தன. சென்னைப் பதாகைத் தொழிலாளிக்கு அவ்வாறான புகலிடம் இருக்கவில்லை. வரையப்பட்ட துணியும் அடுத்த படத்துக்காகப் பூசி மறைக்கப்பட்டமையால் அவனது ஆக்கத்துக்குச் சேகரிப்போனும் கிடைப்பதில்லை.

பழைய சுவரொட்டிகளைப் பற்றிய இன்றைய ஏக்கத்தின் குறைபாடு இவ்விடத்தேதான் வெளிப்படுகின்றது. அது படிமத்துக்காக இரங்குகின்றது; படிமத்தை ஆக்கிய உழைப்புக்காக இரங்குவதில்லை. சூசன் சொன்டாக் 1970இல் கியூபாவின் புரட்சிச் சுவரொட்டிகளின் தொகுதியொன்றுக்கு எழுதிய முன்னுரையில், அவற்றைச் சேகரித்துப் போற்றும் செயலே அவற்றை அவற்றின் பயனிலிருந்து பிரித்து நுகர்பொருளாக்கும் ஆபத்தை எச்சரித்தார். அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவ்வெச்சரிக்கை வலுவிழக்கவில்லை.

எனவே முற்போக்குத் திறனாய்வு இவ்விடயத்திற் கோரவேண்டியது தூரிகைக்குத் திரும்புதலை அன்று. தணிக்கையுடன் கூடிய அரச ஏகபோகத்துக்குத் திரும்புதலையும் அன்று. போலந்தின் அனுபவம் ஒன்றை நிரூபித்துள்ளது: விற்கவேண்டிய கட்டாயம் தளரும்போது, சாதாரண மக்களுக்கென ஆக்கப்படும் தாள் மிக உயர்ந்த கலையாகவும் கூரிய விமர்சனமாகவும் அமையக்கூடும், வீதியில் செல்வோர் அதனை விளங்கிக்கொள்வர், தேவையான வேளையில் அதனைத் தமதாக்கிக்கொள்வர். மக்களின் இரசனை தாழ்ந்தது என்னும் பழிச்சொல் இதனாற் பொய்யாகின்றது. அதே அனுபவம் மற்றொன்றையும் கற்பிக்கின்றது. சுவர் ஓவியனுக்கு மட்டும் திறந்து தொழிலாளிக்கு மூடியிருக்குமாயின், அவ்வழகு தன்னைத்தானே காத்துக்கொள்ள மாட்டாது. திரைப்பட விழாக்கள், பல்கலைக்கழகத் திரைப்பட வட்டங்கள், சிறு வெளியீட்டு முயற்சிகள் ஆகியன வணிகக் கட்டாயம் குறைந்த களங்களாக எம்மிடையே இன்னும் உள்ளன. அவை தம் அறிவிப்புகளை ஆயத்த வாய்பாடுகளுக்கு ஒப்படைத்துவிடாது, ஓவியருக்கு உரிய ஊதியமும் பெயரும் சுதந்திரமும் அளித்து, பொதுச் சுவரில் பொதுமக்களோடு பேச முன்வருமாயின், பழைய சுவரொட்டியைக் கண்ணாடிச் சட்டத்துள் இட்டு வணங்குவதைவிட அது பயனுள்ள பணியாக அமையும்.